கோபத்தை அல்ல, முகவரியை எழுதுவோம்

இந்த மாதப் பாடம்: ஊராட்சி மன்றமும் கேளிக்கை மையங்களும்



எங்கள் தாமானில், தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் உள்ள கடைவரிசையின் மாடியில் ஒரு கரவோக்கே மையம் திறந்தார்கள். 'குடும்பத்தோடு பாடலாம்' என்று பலகை. மூன்றே மாதத்தில் பலகையில் மட்டும்தான் குடும்பம் இருந்தது. விடிய விடிய சத்தம், குடி, சண்டை. காலையில் பிள்ளைகள் உடைந்த போத்தல்களைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனார்கள்.

"அண்ணே, போயி ரெண்டு தட்டு தட்டிட்டு வந்துடுவோம்" என்றான் ஒரு தம்பி. அவனை அடக்கிவிட்டு நானே புகார்க் கடிதம் எழுதினேன். 'ஒழுக்கங்கெட்ட கூட்டம்' என்று அனல் பறக்க எழுதி, எழுபது பேரிடம் கையெழுத்தும் வாங்கினேன். அதிகாரி படித்துவிட்டு, "கடை எண் என்ன? எந்த நாள், எத்தனை மணிக்கு நடந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன்.

1. யார் கையில் எது?

கடை நடத்தும் உரிமம் ஊராட்சி மன்றத்தின் கையில். கேளிக்கைக்குத் தனிச் சட்டம் உண்டு: கோலாலம்பூருக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம், சிலாங்கூருக்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டம். மதுபான உரிமம் 1976 கலால் சட்டப்படி அமைந்த உரிம வாரியத்திடம். சூதாட்டம், விபசாரம் என்றால் போலீசுக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டினால் ஒருவரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

2. உரிமம் நிரந்தரம் அல்ல

தீபகற்ப மலேசியாவுக்கான 1976 ஊராட்சிச் சட்டத்தின் 107-வது பிரிவைப் பாருங்கள். உரிமத்துக்கு மன்றம் நிபந்தனை விதிக்கலாம். காரணம் சொல்லாமலே ரத்தும் செய்யலாம். ஓர் உரிமம் அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்குத்தான். ஆகவே புதுப்பிக்கும் நேரத்தில் நம் புகார் கோப்பில் இருக்க வேண்டும்.

3. இடமும் விளைவும்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 1972-இல் ஒரு விதி போட்டது: வயது வந்தோருக்கான இத்தகைய கடைகள் 1,000 அடிக்குள் ஒன்றோடொன்று குவியக் கூடாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் விதி நிலைத்தது. 1986-இல் ரென்டன் நகர வழக்கிலும் ஊர் பக்கமே தீர்ப்பு. அந்த விதி கடைக்குள் காட்டப்படுவதை ஒடுக்க வந்ததல்ல, சுற்றுப்புறத்துக்கு வரும் பாதிப்பைத் தடுக்க வந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த நாட்டுச் சட்டம் வேறு. ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும்: வசவு எடுபடாது, பாதிப்பைக் காட்டினால் எடுபடும்.

4. ஓட்டு இல்லை, வாய் இருக்கிறது

ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. இன்று உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆனாலும் மன்றக் கூட்டம், மூடிய கூட்டம் என்று தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்களுக்குத் திறந்ததே. போய் உட்காருங்கள்!

இரண்டாவது கடிதம் எழுதும்போதுதான் ஒன்று தெரிய வந்தது. நம் வகுப்புத் தங்கை ஒருத்தி, படிப்புச் செலவுக்காக அதே கடையில் கல்லாவில் இருந்தாள். என் முதல் கடிதத்துக்குப் பிறகு வகுப்புக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எழுதின கூட்டத்துல நானும்தான் இருக்கேன், அண்ணே" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டோம். கடை எண், பதினான்கு நாள் நேரக்குறிப்பு, பள்ளி வாசலின் படங்கள் மட்டும் வைத்தோம். அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். ஒலிபெருக்கி அடங்கியது, பின்படிக்கட்டுப் பூட்டு திறந்தது. கடை இன்னும் இருக்கிறது. பள்ளி வாசலில் போத்தல் இல்லை. தங்கை வகுப்புக்கு வருகிறாள்.

பயிற்சி: உங்கள் வட்டாரத்தில் ஒரு தொல்லையைத் தேர்ந்தெடுங்கள். 'கெட்டவர்கள்' என்ற சொல்லே வராமல் அதை ஐந்து வரியில் எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.