'தேர்' என்பதும் 'தீர்' என்பதும்: நீதி வழங்கலைக் குறிக்கும் வினைகள்

'ஜட்ஜ்' என்னும் ஆங்கில வினை, இலத்தீனில் நடுவரைக் குறிக்கும் 'யூடெக்ஸ்' என்னும் பெயரை மூலமாகக் கொண்டு, பழம் பிரெஞ்சின் வழியே வந்தது. அப்பெயரின் முற்பகுதி 'யூஸ்', சட்டம் அல்லது உரிமை. பிற்பகுதி கூறுதல் என்னும் பொருளுடைய வேர். மதுரைக்காஞ்சியின் 'அறங்கூறவையம்' இதே அமைப்பினது. ஆயினும் இன்று நாம் வழங்கும் நிகரன் 'தீர்ப்பளி' என்பது. இதில் அறமும் இல்லை, கூறுதலும் இல்லை.

தீர்தல், தீர்த்தல் ஆகியவற்றுக்கு விடல் என்னும் பொருளைத் தொல்காப்பிய உரியியல் தரும். பசி தீர்ந்தது, பிணி தீர்ந்தது, கடன் தீர்ந்தது என்பன உலக வழக்கு. நெல்லிக்குப்பம் போன்ற கரும்பாலை ஊரில் கணக்குத் தீர்வதும் வழக்குத் தீர்வதும் ஒரே வினையால் சொல்லப்படும். ஆகவே 'தீர்ப்பு' பூசலின் முடிவைச் சுட்டுமேயன்றி, அம்முடிவை எட்டிய நெறியைச் சுட்டாது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை மேல்நீதிமன்ற முடிவுகளைத் தமிழாக்கி 1862இல் தொகுத்தபோது இட்ட 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரிலும் 'அந்தம்' உள்ளமை நோக்கத்தக்கது.

பழைய இலக்கியத்தில் நெறியைச் சுட்டிய வினை 'தேர்'. செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறள், ஓர்தலையும் தேர்தலையும் முன்வைத்து, அவற்றின் பின் செய்வதையே முறை என்கிறது. சிலம்பில் கண்ணகி பாண்டியன்மேல் சுமத்தும் குற்றமும் தேராமையே. அவன் தண்டம் விதித்தான், ஆராயவில்லை. அவ்வினை இன்று தேர்வுக்கூடத்துக்கும் வாக்குச்சாவடிக்கும் பெயர்ந்துவிட்டது. ஆங்கிலத்திலும் இத்தகைய இடப்பெயர்ச்சி உண்டு. தீர்ப்பிடல் என்று பொருள்பட்ட பழைய ஆங்கில வினையின் வழிவந்த 'டீம்', 1066க்குப் பிந்தைய நார்மானியர் ஆட்சியின் விளைவாகப் பிரெஞ்சுச் சொற்கள் நீதிமன்றத்தை நிறைத்தபின், 'கருது' என்னும் அளவில் நின்றது.

எனவே 'ஜட்ஜ்' வரும் இடமெல்லாம் 'தீர்ப்பளி' எனப் பெயர்ப்பது பொருந்தாது. சான்றுகளை எடைபோடும் நிலையைச் சுட்டும் தொடர்களில் 'தேர்ந்து முடிவுசெய்' என்பதே ஏற்றது. இறுதி ஆணைக்கு மட்டும் 'தீர்ப்பளி' போதும். 'முறை' என்னும் பழஞ்சொல்லோ நீதிபதியின் வினையிலிருந்து நீங்கி, வழக்காடுவோர் செய்யும் மேல்முறையீட்டில் எஞ்சியுள்ளது.