கறிக்கோழி ஈரலும் ஹார்மோன் பயமும்

தாம்பரம் மார்க்கெட்டிலும் மேடவாக்கம் கறிக்கடைகளிலும் பிள்ளைக்கு ஈரல் வாங்க வரும் தாய்மார்கள் பலருக்கு ஒரு கவலை: "பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்களாமே, பொண்ணு சீக்கிரமே வயசுக்கு வந்துடுவாளாமே?" அக்கறையில் பிறந்த பயம் இது. அதற்கு முறையான பதில் சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை: ஊசி போடாமல் கோழி ஆறே வாரத்தில் இவ்வளவு எடை போடாது.

உண்மை: போடும். 1957-ம் ஆண்டுக் கோழி ரகத்தையும் 2005-ம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தது கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம். 56-ம் நாளில் பழைய ரகம் 905 கிராம், புதிய ரகம் 4,202 கிராம். தலைமுறை தலைமுறையாக வேகமாக வளரும் கோழிகளையே தேர்ந்து இனம் பெருக்கியதன் பலன் இது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் குடலிலேயே செரித்துப்போகும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டாது.

நம்பிக்கை: கோழியின் வளர்ச்சி ஹார்மோன் நம்மையும் வளர்த்துவிடும்.

உண்மை: ஹார்மோன் இருந்தால் மட்டும் போதாது, ஈரல் செல்களில் உள்ள ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வளர்ச்சி ஹார்மோனைப் பொறுத்தவரை மனித ஏற்பி மனிதனுடையதையும் குரங்கினத்தினுடையதையும்தான் ஏற்கும். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு மாட்டின் ஹார்மோன் பலன் தராமல் போனது இதனால்தான். 1958-ல் மனித ஹார்மோனைக் கொடுத்தபோதுதான் பலன் தெரிந்தது. எல்லா ஹார்மோனும் இப்படியல்ல. மாடு, பன்றியின் இன்சுலின் பல பத்தாண்டுகள் சர்க்கரை நோயாளிகளைக் காப்பாற்றியது. ஏற்பி பழுதானால் என்ன ஆகும் என்பதற்குக் குட்டைக்கோழி ரகம் ஒன்று சாட்சி: ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் நிறைய ஓடியும் அது வளர்வதில்லை. மனிதர்களில் இதே குறைபாட்டுக்கு லாரன் நோய் என்று பெயர்.

நம்பிக்கை: ஈரலில் பெண் ஹார்மோன் குவிந்திருக்கும்.

உண்மை: ஈஸ்ட்ரோஜன் கோழிக்கும் நமக்கும் ஒன்றேதான், ஈரல் செய்யும் வேலைதான் வேறு. முட்டைக்கோழியின் ஈரலில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் தூண்டப்பட்டு, மஞ்சள் கருவுக்கான புரதம் உருவாகிறது. சேவலுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அதன் ஈரலும் அதையே செய்யும். நம் ஈரலால் முடியாது. அதற்கான மரபணு நமக்கு இல்லை. கறிக்கடைக்கு வரும் பிராய்லரோ முட்டையிடும் பருவத்தையே எட்டாத குஞ்சு; அதன் ஈரலில் பெண் ஹார்மோன் குவிந்திருக்கக் காரணமே இல்லை.

பெண் குழந்தைகள் சீக்கிரம் பூப்பெய்த உடல் எடை கூடுவதும் ஒரு காரணம். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ச்சி தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் அளவோடு சாப்பிட வேண்டும்.

நாம் உண்மையில் கேட்க வேண்டியது ஆன்டிபயாடிக் பற்றித்தான். நோயில்லாத கோழிக்கும் எடை கூட அது கொடுக்கப்பட்டால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். மனித உயிரைக் காக்கும் கடைசி மருந்துகளில் ஒன்றான கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019-ல் தடை விதித்தது. இல்லாத ஊசியைத் தேடுவதை விட்டு, அந்தத் தடை பண்ணைகளில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று கேட்போம்.