நரம்பு என்னும் ஒரு சொல்

இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்ட நாலாவது மாதத்தில், ஒரு நாள் சாயங்காலம், கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு வாசல் நாற்காலியில் அமர்ந்த என் தமக்கை, வெகுநேரம் மௌனமாக இருந்த பிற்பாடு, "ஏன் தம்பி, புது மூட்டுக்குள்ளே எறும்பு ஊருமா?" என்று கேட்டாள். பல வருஷங்களாக அவளைப் படியேற விடாமல் செய்திருந்த தேய்மான வலி அடியோடு போயிருந்தது. அதற்குப் பதிலாக, இரவில் விளக்கை அணைத்துப் படுத்ததும், பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலின் வெளிப்புறத்தைச் சுற்றிப் பாதத்தின் மேற்புறம் வரையில் நெருப்புக் கோடு இழுத்தாற்போல் ஓர் எரிச்சலும், இடையிடையே மின்சாரம் தாக்கியது போன்ற ஒரு சொடுக்கும், போர்வையின் நுனி பட்டாலும் பொறுக்கமாட்டாத ஒரு கூச்சமும் வந்து குடிபுகுந்திருந்தன. காலில் போட்ட செருப்பு தானாக நழுவியது; பெருவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொன்னால் அது பாதிவழியில் நின்றது.

பார்க்க வந்த உறவினரும் அண்டை அயலாரும் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு அவளுக்கு உண்டாக்கிய பயங்களையும், சில சமயம் அது கொண்டுவந்த அபாயமான யோசனைகளையும் அருகிலிருந்து கண்டவன் ஆகையால், அவற்றுள் எது மெய், எது பிரமை என்று நிறுத்துப் பார்ப்பது என் கடமை என்றே கருதுகிறேன்.

முதலில் வந்தது, "ஆபரேஷன் கெட்டுப்போச்சு, மூட்டு சரியாப் பொருந்தலை" என்னும் தீர்ப்பு. 1962 நவம்பரில், இங்கிலாந்தின் லங்காஷயர் பிரதேசத்தைச் சேர்ந்த ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில், ஜான் சார்ன்லி என்னும் ரண வைத்தியர், உலோகப் பந்து ஒன்றையும் அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் கிண்ணம் ஒன்றையும் இணைத்து வெற்றிகரமாகப் பொருத்திய மூட்டின் வம்சத்தில் வந்தவையே இன்றைய செயற்கை மூட்டுகள் பெரும்பாலும். எலும்போடு எலும்பு உரசும் வேதனையைத் தீர்ப்பதே அந்த மூட்டின் காரியம். அதற்குள் எரியவோ ஊரவோ நரம்பு எதுவும் கிடையாது. ஆனால் மூட்டின் பின்சுவரை ஒட்டினாற்போல், நம் சரீரத்திலேயே மிகப் பருமனான சயாட்டிக் நரம்பு இறங்கிச் செல்கிறது. ரண சிகிச்சையின்போது காலை ஒரு புறம் திருப்புகிறார்கள். தசைகளைக் கொக்கிகளால் விலக்கிப் பிடிக்கிறார்கள். தேய்ந்து குட்டையாகிப்போன காலை மற்றக் காலுக்குச் சமமாகச் சற்று நீட்டுகிறார்கள். பிற்பாடு உள்ளே இரத்தம் கட்டிக்கொள்வதும் உண்டு. இவற்றுள் ஏதேனும் ஒன்றால் அந்த நரம்பு இழுபடலாம், அல்லது நசுங்கலாம். வைத்தியர் கத்தியால் அறுத்துவிட்டார் என்று ஊரார் பேசுவது மிக அபூர்வமாகவே மெய்யாகும். எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாமல் போவதே அநேகருடைய அனுபவம். முதன்முறை மூட்டு மாற்றிக்கொள்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் பெரிய நரம்பு ஒன்றுக்கு இவ்விதச் சேதம் நேருகிறது. இரண்டாம் முறை மாற்றுகிறவர்களுக்கும், பிறவியிலேயே இடுப்பு விலகியிருந்தவர்களுக்கும் அது அதிகம்.

சேதம் இடுப்பிலே, வேதனை பாதத்திலே என்னும் விசித்திரத்துக்கும் காரணம் உண்டு. சயாட்டிக் நரம்பு உண்மையில் ஒரே உறைக்குள் செல்லும் இரு பிரிவுகள். அவற்றுள் முன்னங்காலுக்கும் பாதத்தின் மேற்புறத்துக்கும் போகும் வெளிப்பிரிவில், இழைகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கவேண்டிய திசு குறைவு. போதாததற்கு, முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பின் கழுத்தில் அது இறுகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மேலே இழுத்தால் முதலில் வருந்துவது அதுதான். பாதம் தொங்குவதும், செருப்பு நழுவுவதும், பெருவிரல் சொன்ன சொல் கேளாதிருப்பதும் அதனால்தான். முன்புறமாகக் கீறி மூட்டு வைத்துக்கொண்டவர்களுக்கோ, தொடையின் வெளிப்புறத் தோலுக்குச் செல்லும் வேறொரு சிறு நரம்பு பாதிக்கப்பட்டு, உள்ளங்கையகலம் மரத்துப்போவதோ காந்துவதோ உண்டு. அது தொடுவுணர்ச்சிக்கு மட்டுமே உரியது, கால் பலவீனமடையாது. இந்த நரம்பு இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே வெளிவருவதனால், பாவாடை நாடாவையோ இடுப்பு வாரையோ அங்கே இறுக்கிக் கட்டுகிறவர்களுக்கு வேதனை கூடும். நாடாவைத் தளர்த்தியதனாலேயே பாதி நிவாரணம் அடைந்த ஓர் அம்மையாரை நான் அறிவேன்.

மூட்டின் மேல் வீண்பழி வேண்டாம் என்று சொல்லும் நான், மூட்டை ஒருபோதும் சந்தேகிக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. மாற்று மூட்டு வைத்துக்கொண்டவர்களில் 7 முதல் 23 சதவீதம் வரையிலானோர்க்கு ஏதோ ஒரு வகை வலி நெடுநாள் நீடிப்பதாக 2012-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டிற்று; அத்தனையும் நரம்பு வலி அல்ல. நாற்காலியிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது தொடையிலோ கவட்டியிலோ பிடித்து இழுத்தால், பொருத்திய மூட்டு தளர்ந்திருக்கலாம். ஜுரமும், காயத்தில் கசிவும், ஓய்விலும் தணியாத வலியும் சேர்ந்தால் சீழ் பிடித்திருக்கலாம். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் தேய்மானம் இருந்து, அங்கிருந்தே வலி காலுக்கு இறங்கிக்கொண்டிருக்கவும் கூடும். இடுப்பும் முதுகும் சேர்ந்து வருந்தி ஒன்றின் குற்றத்தை மற்றொன்றின்மேல் ஏற்றும் இந்த நிலைக்கு, 1983-லேயே வைத்தியர்கள் தனிப் பெயர் கொடுத்து எழுதியிருக்கிறார்கள். ஆகையால் பரிசோதனை அவசியம். நரம்பிலும் தசையிலும் மின்னோட்டத்தைச் சோதிக்கும் பரீட்சை மட்டும், சேதம் நேர்ந்து மூன்று வாரம் கழிந்த பிறகே தெளிவாகப் பேசும். அதற்குமுன் செய்து, ஒன்றும் இல்லை என்று நம்பி ஏமாறலாகாது. சிறுநீர் திடீரென்று தடைப்பட்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தாலோ, மூச்சு இறைத்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மறுநாள் என்பது கூடாது.

இனி, எல்லாவற்றிலும் என்னை அதிகமாகக் கவலைப்படுத்திய நம்பிக்கைக்கு வருகிறேன். "நரம்பு பிசகியிருக்கு, நல்ல கை பார்த்து உருவிவிட்டா மூணே நாள்ல சரியாயிடும்" என்றார் ஒரு பெரியவர். இதில் அவர் குற்றம் கொஞ்சம், நம் பாஷையின் குற்றம் அதிகம். யாழின் தந்தியும் நரம்பு. முன்கையில் நீலமாகத் தெரியும் இரத்தக் குழாயும் நரம்பு. சுளுக்கிக்கொள்ளும் தசைநாரும் நரம்பு. மூளையிலிருந்து செய்தி கொண்டுவந்து, மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் அந்த மெல்லிய வெண்ணிற இழையும் நரம்பு. நால்வருக்கு ஒரே பெயர் வைத்துவிட்டு, ஒருவருக்கு ஆகும் வைத்தியத்தை மற்றொருவருக்குச் செய்கிறோம். சுளுக்கிய நாருக்கு இதமளிக்கும் எண்ணெய்த் தேய்ப்பு, நசுங்கிப் புண்பட்ட நரம்பின்மேல் அழுந்தினால் வேதனையைக் கிளறுமேயன்றி நேராக்காது. நேராக்குவதற்கு அங்கே பிசகியது ஒன்றுமில்லை. அதைவிடப் பெரிய அபாயம், உருவுகிறவர் காலை மடக்கி உள்நோக்கித் திருப்பும்போது புது மூட்டின் பந்தே கிண்ணத்தை விட்டு நழுவிவிடலாம் என்பது. ஒத்தடமும் அப்படியே. மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. உப்பை வறுத்து மூட்டை கட்டி வைத்த ஒத்தடத்தாலும், வெந்நீர்ப் பையாலும், தாம் அறியாமலே கொப்புளம் கண்டு, நீரிழிவும் சேர்ந்து, மாதக்கணக்கில் ஆறாத புண்ணோடு அவதிப்பட்டவர்கள் உண்டு. உணர்ச்சி குறைந்த பாதத்தோடு வெயில் நேரத்தில் கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலாக நடப்பதும் அதே ஆபத்துதான். இரவில் படுக்குமுன் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொள்வது, நூறு தைலங்களைவிடப் பிரயோஜனமானது.

எக்ஸ்ரே படத்தில் மூட்டு அழகாகப் பொருந்தியிருப்பதைக் கண்டதும், "எல்லாம் மனசுதான்" என்று சொல்லத் தொடங்கினார்கள் வேறு சிலர். எக்ஸ்ரேயில் எலும்பும் உலோகமும் தெரியும்; நரம்பு தெரியாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு, காயம் ஆறிய பிறகும் கையும் காலும் எரிந்துகொண்டிருந்த சிப்பாய்களைப் பிலடெல்பியாவில் கவனித்து வந்த வைர் மிட்செல் என்னும் வைத்தியர், தம் சகாக்கள் இருவரோடு 1864-ல் வெளியிட்ட நூலில், இவ்வேதனையை விரிவாக வர்ணித்திருக்கிறார். லேசான ஸ்பரிசமும் தாங்காமல் அங்கத்தை ஈரத்துணியால் நனைத்தபடியே வைத்திருந்த அந்த வீரர்கள், போர்க்களத்தில் அஞ்சாதவர்கள்; வேதனை நீடிக்க நீடிக்கச் சாந்தமானவனும் சிடுசிடுப்பான், தைரியசாலியும் கலங்குவான் என்பதை அவர் கண்டார். மனம் வாடியது வலியினால். வலி வந்தது மனத்தினால் அன்று. என் தமக்கை, யாரும் நம்பவில்லையே என்ற துக்கத்தில் எரிச்சலைப் பற்றிப் பேசுவதையே சில வாரங்கள் நிறுத்திவிட்டாள். வலியைவிட அந்த மௌனமே எனக்குப் பொறுக்கமுடியாததாக இருந்தது.

மருந்துச் சீட்டைப் படித்த ஒரு மருமகன், "இது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை ஆச்சே, அத்தை!" என்று சொன்னபோது அவள் மேலும் குன்றிப்போனாள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்காகப் பிறந்த மருந்து என்பது மெய். ஆனால் நரம்பு வலிக்கு 10 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் இரவில் தொடங்கிக் கொடுப்பது, தண்டுவடத்தில் வலிச் செய்திகளை அடக்கும் சக்தி அதற்கு இருப்பதனால்தான். காபாபென்டினும் பிரிகாபலினும் வலிப்புநோய்க்கு உரியவை என்று எண்ணுவோருக்கும் அதே பதில்: அளவுக்கு மீறிப் பதறும் நரம்பிழைகளை அவை அமைதிப்படுத்துகின்றன. சாதாரண வலி மாத்திரைகள் இவ்வகை வலியை அநேகமாகத் தொடுவதில்லை. இம்மருந்துகளும் ஓரிரவில் வேலை செய்யமாட்டா. சில வாரங்கள் செல்லும். முழு வலியையும் போக்குவது அபூர்வம், பாதியாகக் குறைத்துத் தூக்கத்தைத் திருப்பித் தந்தாலே பெரிய லாபம். மயக்கமும் தள்ளாட்டமும் தருவதனால், புது மூட்டோடு இரவில் எழுந்திருக்கும் முதியவர்கள் விழுந்துவிடாதபடி ஜாக்கிரதை வேண்டும். சிறுநீரகக் கோளாறு, இருதயக் கோளாறு, கண் அழுத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். இஷ்டப்படி திடீரென்று நிறுத்தலாகாது.

தொட்டால் துடிக்கும் தோலைப் பழக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பட்டுத்துணி, அது பொறுத்துப்போன பிறகு பஞ்சு, பிறகு பருத்தித் துண்டு என்று, தினம் இரண்டு மூன்று வேளை, சில நிமிஷங்கள் மெல்லத் தடவுவது. 1965-ல் மெல்சாக், வால் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துரைத்தபடி, தண்டுவடத்தில் ஒரு வாசல் இருந்து, சாதுவான ஸ்பரிசம் அதிகமாக நுழையும்போது வலிக்கு இடம் குறைகிறது என்று கொண்டால் இதன் யுக்தி விளங்கும். தன் பழைய கல்யாணப் புடவையின் முந்தானையாலேயே என் தமக்கை இதைச் செய்தாள்.

"நரம்பு மாத்திரை" என்று கடையில் கேட்டு வாங்கும் விட்டமின்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பி12 குறைந்தவர்களுக்கு, முக்கியமாக நீரிழிவுக்கு மெட்பார்மின் நெடுநாள் உண்பவர்களுக்கு, அது அவசியம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறையாதவருக்கு நசுங்கிய நரம்பை அது நிமிர்த்தாது. பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் உண்டால், அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போகச் செய்யும். படுக்கையை விட்டு அசையாதே என்ற யோசனையும் தவறுதான்: தொங்கும் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையை அணிந்து நடப்பதும், குதிகால் நார் சுருங்கிவிடாதபடி தினமும் பாதத்தை மேல்நோக்கி நீட்டுவதும், நரம்பு திரும்பி வரும் வரையில் காலைத் தயாராக வைத்திருக்கும் காரியங்கள்.

கடைசியாக, "மூணு மாசத்தில் போகாதது இனிமேல் போகாது" என்று சொன்னவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒரு கணக்கு. ஹெர்பர்ட் செடன் என்னும் ரண வைத்தியர் 1943-ல் நரம்புச் சேதத்தை மூவகையாகப் பிரித்தார். இழை அறாமல் செய்தி மட்டும் தடைப்பட்டது முதல் வகை. அது வாரங்களில், அல்லது சில மாதங்களில், தானே தெளியும். உள்ளிழை அறுந்து உறை மட்டும் எஞ்சியது இரண்டாம் வகை; அங்கே இழை மீண்டும் முளைத்து, பழைய உறையின் வழியாகவே, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் கீழே இறங்கவேண்டும். உறையும் சேர்ந்து அறுந்தது மூன்றாம் வகை. அது தானே சேராது. இரண்டாம் வகையில் மாதத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். இடுப்பிலிருந்து முழங்காலுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல். பாதத்துக்கு வர இரண்டு வருஷத்தையும் தாண்டும். தூரத்துத் தசைகள் அதற்குள் மெலிந்து, முழு பலமும் திரும்பாமல் போவதும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் நாலாம் மாதத்தில் நம்பிக்கை இழப்பதற்கு நியாயமில்லை. முளைத்து வரும் இழையின் நுனியை மேலிருந்து மெல்லத் தட்டினால், அந்த நரம்புக்கு உரிய இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஓர் உணர்ச்சி எழும் என்று 1915-ல் பிரான்ஸில் டினெல் என்னும் வைத்தியர் எழுதினார். எல்லா ஊறலும் அதற்கு அடையாளம் அல்ல. ஆனால் தட்டும்போது ஊறல் எழும் இடம் மாதந்தோறும் கீழே இறங்குமானால், அது நல்ல குறி.

இதை நான் தமக்கையிடம் சொன்ன நாள் முதல் அவளுடைய கேள்வி மாறிவிட்டது. பதினாலாம் மாதத்தில், முழங்காலின் வெளிப்புற எலும்பை ஒட்டித் தட்டியபோது, பாதத்தின் மேல் எறும்பு ஊர்ந்தது. பயிற்சி கொடுக்கும் பெண் அங்கே மையால் ஒரு புள்ளி வைத்தாள். அதன்பின் ஒவ்வொரு மாதப் பிறப்பிலும், தையல் பெட்டியிலிருந்து அங்குல நாடாவை எடுத்து, எலும்பு முனையிலிருந்து புதுப்புள்ளி வரையில் அளந்து, பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே குறித்து வருகிறாள். சென்ற மாதம் நாலே கால். "இன்னும் எட்டு அங்குலம் இருக்கு, தம்பி" என்று சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டினாள்.