புதன்கிழமை கிளம்புங்கள்

பணி ஓய்வு பெற்ற கையோடு, "இனி நாங்கள் ரெண்டு பேரும் காரில் ஊர் சுற்றப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு வழி கேட்க வரும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சனிக்கிழமை போய் ஞாயிறு இரவுக்குள் திரும்பியே பழகியவர்கள் நாம். இப்போதுதான் நேரம் நம் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அந்தப் பழைய அவசரமும் கூடவே ஏறிக்கொள்கிறது. அதை வாசலிலேயே இறக்கிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

1. புதன்கிழமை கிளம்புங்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு அது வாரந்தோறும் கிடைக்கிறது. வெள்ளி மாலை நகரத்தை விட்டு வெளியேறும் கூட்டத்திலும், ஞாயிறு மாலை சுங்கச்சாவடியில் நிற்கும் வரிசையிலும் நமக்கு வேலை இல்லை. வார நாளில் அறை வாடகையும் குறையும், ஹோட்டலில் உட்கார இடமும் கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் போவதென்றால் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். மலையடிவாரத்தில் நின்று செல்போனில் தேடாதீர்கள்.

2. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். பெரும்பாலான கோயில்களில் பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தி, நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். சாப்பிட்டதும் கண் சொருகும் நேரமும் அதுதான். எனவே அந்த நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, மாலையில் தரிசனத்துக்குப் போகலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பது முழங்காலுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நல்லது.

3. மலையைப் பார்க்க மலை ஏற வேண்டியதில்லை. புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தேனியிலிருந்து சின்னமனூர் வழியாகக் கம்பம் போகும் சாலை முழுக்கச் சமவெளி. இடப்பக்கம் மேகமலை, வலப்பக்கம் கேரள எல்லை மலைகள், நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும். சபரிமலை சீசனில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், குமுளி வரை வண்டிகள் நெருக்கும். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே போனால் ஆனைமலை எதிரே எழுந்து நிற்கும். அணையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பலாம். தென்காசியிலிருந்து கடையம், அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போகும் சாலையும் அப்படித்தான், மேற்குத் தொடர்ச்சி மலை வழியெல்லாம் கூடவே வரும். கடையம் செல்லம்மாள் பாரதியின் ஊர். பாரதியார் 1918-இல் விடுதலையான பிறகு அங்கே வந்து சுமார் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தார். முடிவில் தாமிரபரணிக் குளியல். ஒரு கொண்டை ஊசி வளைவுகூடக் கிடையாது.

4. அடுத்தது கடலோரம். சென்னையிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இளைஞர்கள் இரண்டரை மணி நேரத்தில் போய்விட்டதாகப் பெருமை பேசுவார்கள். நீங்கள் மாமல்லபுரத்தில் காலை உணவு, மரக்காணம் உப்பளத்தில் ஒரு நிறுத்தம் என்று போங்கள். மறுநாள் சிதம்பரம். பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். மூன்றாம் நாள் பூம்புகார் வழியாகத் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. அதிகம் நடக்காமலே கோட்டை, பழைய தேவாலயம், கடலோர மாசிலாமணி நாதர் கோயில் மூன்றையும் பார்த்துவிடலாம். இன்னும் தெற்கே போகத் தெம்பிருந்தால் தனுஷ்கோடி. 1964 புயலில் அழிந்த ஊருக்கு அப்பால் அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. மாலைக்குள் திரும்பிவிடுங்கள்.

5. மலை ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் சிறியதில் தொடங்குங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறு - வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. இந்த வரிசையிலேயே போங்கள். ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள், வளைவில் ஹாரன் அடியுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது அறவே கூடாது. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். தீய்ந்த வாசனை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். பின்னால் வருபவன் ஹாரன் அடித்தால் அது அவனுடைய அவசரம், ஒதுங்கிப் போகவிடுங்கள்.

6. பருவம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நீலகிரி, கொடைக்கானல் சாலைகளில் மண் சரியும், மரம் விழும். வால்பாறைக்குத் தென்மேற்குப் பருவமழைதான் கடுமை. குற்றாலத்துக்கு அதே மழையின் சாரல்தான் சீசன். மார்கழியில் தஞ்சைப் பக்கம் சம்பா வயல் பச்சையாக இருக்கும், ஆனால் விடியற்காலைப் பனி விலகும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

7. வண்டிக்கும் வயதாகிறது. நம் கார்கள் ஓடித் தேய்வதைவிட நிழலில் நின்று கெடுவதுதான் அதிகம். கட்டை தேயாத டயரும் ஐந்தாறு வருடத்தில் இறுகி வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பேட்டரி, பிரேக், ஸ்டெப்னிக் காற்று மூன்றையும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முந்தின நாள் மாலை காட்டினால் அவரும் அவசரத்தில்தான் பார்ப்பார்.

8. லைசென்ஸை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்தைந்து ஆண்டுக்குத்தான் தருவார்கள், மருத்துவச் சான்றும் வேண்டும். அந்தச் சாக்கில் கண்ணையும் காட்டிவிடுங்கள். எதிர்வண்டியின் விளக்கு பூப்பூவாகச் சிதறித் தெரிந்தால் அது கண்புரையாக இருக்கலாம். இருட்டிய பிறகு ஓட்டுவதை அன்றோடு நிறுத்துங்கள். முதுமலை - பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடுவது விலங்குகளுக்காக. நமக்கு நாமே அதைவிட முன்னதாக மூடிக்கொள்ளலாம்.

9. மாத்திரைப் பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. பக்கத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். சளி மாத்திரையும் வாந்தி மாத்திரையும் தூக்கம் தரும், ஓட்டுபவர் போட்டுக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்கள் நம் வீடுகளில் நிறைய. எங்கே நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்லட்டும். கழிப்பறை சுத்தமாக இருக்கும் ஹோட்டலில் காபி சுமாராக இருந்தாலும் குடித்துவிட்டுப் போங்கள்.

10. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் சாமான் இல்லை. "நிறுத்துங்க, அந்தக் குளத்தைப் பார்க்கலாம்" என்றால் நிறுத்த வேண்டும். "திரும்பி வரும்போது பார்ப்போம்" என்று முப்பது வருடம் சொல்லியாகிவிட்டது. ஒரு நாள் திட்டம் ஐயாவுடையது, மறுநாள் அம்மாவுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டத் தெரிந்த தங்கைகள் சமதரையில் பாதித் தூரம் ஓட்டுங்கள். அப்போது வலப்பக்கத்து அறிவுரைகள் இடப்பக்கத்திலிருந்து வரக் கூடாது.

11. அறை பிடிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: தரைத்தளமா அல்லது லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் கழிப்பறையா, வெந்நீர் எத்தனை மணிக்கு? படிகளிலும் அதே விவேகம் வேண்டும். பழனியில் விஞ்சும் ரோப்காரும் இருக்கின்றன. கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அத்தனையும் ஏற வேண்டும். முழங்கால் வேண்டாம் என்றால் அறப்பளீஸ்வரரை மட்டும் தரிசித்துவிட்டு வாருங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

12. ஆக்டிங் டிரைவரை வைத்துக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். "நானே ஓட்டினேன்" என்ற பெருமைக்கு இந்த வயதில் யாரும் பதவி உயர்வு தரப்போவதில்லை. மலைச்சாலைக்கு மட்டுமாவது பழக்கமான ஒருவரைக் கூப்பிடுங்கள். தினக்கூலியோடு அவருக்குச் சாப்பாடும் படுக்க நல்ல இடமும் கொடுங்கள், தூங்காத டிரைவர் ஆபத்து. நீங்கள் இருவரும் பின்னால் உட்காருங்கள். ஓட்டுகிறவர் சாலையைத்தான் பார்க்க முடியும். இத்தனை வருடம் காரை ஓட்டிய ஐயா பார்க்காமல் விட்ட மலைகள் எவையென்று பக்கத்தில் இருப்பவர் காட்டிக்கொண்டே வரட்டும்.