தடித்த உருண்டை எழுத்து: எங்கே உதவும், எங்கே கெடுக்கும்?



கடை திறக்க நாள் பார்க்கிறோம், பெயர் வைக்கப் பெரியவர்களைக் கேட்கிறோம். ஆனால் அந்தப் பெயரை எழுதும் எழுத்தைப் பார்ப்பதில்லை. "பெரிசா, பளிச்சுன்னு போடுங்க" என்று அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அப்படிச் சொன்னால் பெரும்பாலும் கிடைப்பது தடித்த உருண்டை எழுத்துதான். அதன் குணத்தை இங்கே காண்போம்.

எழுத்தின் குணம்

இவ்வகை ஆங்கில எழுத்தின் நுனியில் குறுக்குக் கோடு இருக்காது. எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தடிமன். முனைகள் புளியங்கொட்டை போல மழுங்கியிருக்கும். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களைச் சேர்த்து விற்ற முகவர் கடைகளுக்காக 1979-இல் வந்த வி.ஏ.ஜி. ரவுண்டட் இதற்கு நல்ல உதாரணம். ஊர் ஊராக இருந்த கடைகளுக்கு அது ஒரே முகம் தந்தது. பிற்பாடு ஆப்பிள் கணினி விசைப்பலகைகளிலும் பல ஆண்டுகள் அதுவே இருந்தது. கணினியில் கிடைக்கும் ஏரியல் ரவுண்டட் எழுத்தும் இந்த இனமே.

எங்கே உதவும்?

கூர்முனை இல்லாததால் பார்வைக்குச் சாதுவாக, நெருக்கமாகத் தோன்றும். எனவே பெயர்ப் பலகை, பையில் போடும் கடைப் பெயர், குழந்தைகள் வாங்கும் தின்பண்டம் ஆகியவற்றுக்குப் பொருந்தும். நாலைந்து சொல்லுக்குள் முடிய வேண்டும். நகைக்கடைக்கோ வக்கீல் நோட்டீசுக்கோ இது ஒட்டாது.

எங்கே கெடுக்கும்?

சிறிய அளவில் அச்சிட்டால் மை பரவி எழுத்தின் உள்துளை அடைபடும். தமிழில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ணை, ழு போன்றவை திட்டாகிவிடும். எண்களில் 3, 6, 8, 9 ஒன்றுபோலத் தெரியும்.

இதை நாங்கள் பணம் கொடுத்துக் கற்றோம். எங்கள் அரைக்கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டில் விலை 86 ரூபாய். பாலிதீன் பையில் 6 அடைபட்டு 88 என்றே தெரிந்தது. எங்களிடம் சரக்கெடுத்த மளிகைக்காரர் ஒருவர் 88 வாங்கிவிட்டார். பில்லைப் பார்த்த வாடிக்கையாளர், "போட்ட விலைக்கு மேல வாங்கலாமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். இருபது வருஷப் பழக்கமுள்ள கடைக்காரர் தலைகுனிந்து நின்றார். தவறு அவருடையதல்ல, எங்களுடையது. பாக்கெட்டுகளைத் திரும்பப் பெற்று, வேறு பை அடித்துக் கொடுத்தோம். பணம் போனது பெரிதல்ல. அவர் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது.

அச்சிடும் முன்

1. பெயருக்கு உருண்டை எழுத்து, விலைக்கும் எடைக்கும் தேதிக்கும் நடுத்தரத் தடிமனுள்ள சாதாரண எழுத்து என்று பிரித்துவிடுங்கள்.

2. இவ்வெழுத்து இடம் அதிகம் பிடிக்கும். அதற்காக நெருக்கி ஒடுக்க விடாதீர்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, 1 போன்ற சில தவிர, எண்ணின் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது.

3. காகிதத்தில் மாதிரி பார்த்தால் போதாது. அச்சாகப்போகும் அதே பையில் ஒன்று அடித்துப் பாருங்கள்.

4. அதைக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவரிடம், மாலை வெளிச்சத்தில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் அச்சை நிறுத்துங்கள்.

தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய நமக்கு, எழுத்தையும் ஒரு நிமிஷம் பார்ப்பது கஷ்டமல்ல. பெயர் வாடிக்கையாளரை அழைக்கட்டும். விலை அவருக்குத் தெளிவாகத் தெரியட்டும்.