கனடாவுக்கு எந்த மாதத்தில் பெட்டி கட்டலாம்?

கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதியான பி.ஆர். கைக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் குடும்பங்கள் முதலில் டிக்கெட் விலையைப் பார்க்கின்றன. அடுத்து, பனிக்காலம் எப்போது என்று விசாரிக்கின்றன. இரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் அங்கே ஓராண்டு குடித்தனம் நடத்திவிட்டவர்களிடம் பேசினால் குளிரைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. பள்ளிச் சேர்க்கை, வாடகை, வரி, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் தேதிகளோடு மல்லாடிய கதையைத்தான் சொல்கிறார்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க ஓரளவு இடம் இருக்கிறது. பி.ஆர். விசாவின் கெடு பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை முடிந்த நாளிலிருந்து ஓராண்டு. அதற்குள் ஒருமுறை போய் இறங்கிவிட வேண்டும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் மற்ற எல்லாமே அந்தப் பிள்ளைக்குப் பின்னால்தான். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளிகள் செப்டம்பர் முதல் வாரத்தில், தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் திறக்கின்றன; ஜூன் இறுதியில் மூடுகின்றன. எந்த வகுப்பு என்பதைப் பிறந்த ஆண்டு தீர்மானிக்கிறது. 2015-இல் பிறந்த பிள்ளை, ஜனவரியில் பிறந்திருந்தாலும் டிசம்பரில் பிறந்திருந்தாலும், 2026 செப்டம்பரில் ஆறாம் வகுப்புக்குப் போகும். வீட்டு முகவரியை வைத்துத்தான் பள்ளி ஒதுக்குவார்கள். ஆகவே முதலில் வீடு, அதன் வாடகை ஒப்பந்தம், பிறகுதான் பள்ளி.

தடுப்பூசி அட்டையையும் இங்கேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது. 2010-இலும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்டாரியோ பள்ளிகள் சின்னம்மை ஊசி விவரத்தையும் கேட்கின்றன. நம் அரசு அட்டவணையில் அந்த ஊசி கிடையாது.

பள்ளிக்கு முன் வீடு பிடிக்கும் வேலையில்தான் ஆடி மாதம் குறுக்கே நிற்கிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை புது வீட்டில் பால் காய்ச்சப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். மதுரையிலிருந்து டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குப் போன ஒரு தம்பதி அந்தச் சொல்லை மதித்து ஆவணி பிறந்த பிறகே கிளம்பினார்கள். பள்ளி திறக்க இரண்டு வாரம்தான் மிச்சம். பல்கலைக்கழக மாணவர்கள் மொத்தமாக வீடு தேடும் நேரமும் அதுதான். உறவினர் வீட்டுத் தரைத்தளத்தில் தங்கிக்கொண்டு, பகலில் வீடு பார்ப்பதும் இரவில் படிவம் நிரப்புவதுமாக ஓடினார்கள். பிள்ளை புது வகுப்புக்குள் நுழையும்போது மற்றவர்கள் ஏற்கெனவே கூட்டாளி பிடித்துவிட்டிருந்தார்கள். பெரியவர்களின் மனம் நோகாமல் இதைத் தவிர்க்க வழி உண்டு. பிள்ளைக்குப் பள்ளி முடிந்த கையோடு கிளம்பி, ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சிவிடலாம். முழுக் கோடையும் கையில் இருக்கும். பிள்ளை நூலகத்துக்கும் பூங்காவுக்கும் போய் அந்த ஊர் ஆங்கிலத்தைக் காதில் வாங்கிக்கொள்ளும்.

வீட்டு விளம்பரங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்டாரியோவில் மாத வாடகையில் இருப்பவர் காலி செய்ய 60 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அதனால் செப்டம்பர் 1 முதல் கிடைக்கும் வீடு பலவும் ஜூலை தொடக்கத்திலேயே விளம்பரத்துக்கு வந்துவிடும். முன்பணமாக ஒரு மாத வாடகையைத்தான் சட்டப்படி கேட்கலாம். அது கடைசி மாதத்துக்குக் கழியும்.

கிளம்பும் மாதம் இங்கே கட்டும் வரியையும் தொடும். வேலை நிமித்தம் நாட்டை விட்டுப் போகும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்திருந்தால், வருமான வரிச் சட்டத்தின்படி அந்த ஆண்டுக்கு அவர் வெளிநாடுவாழ் இந்தியர். ஏப்ரல் 1-இலிருந்து எண்ணினால் செப்டம்பர் 28 வரை 181 நாள். அதற்குள் கிளம்பி, மார்ச் முடியும்வரை திரும்பி வராமல் இருந்தால் கனடாவில் வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. அக்டோபரில் கிளம்பினால் அந்தச் சம்பளத்தை இங்கேயும் கணக்கில் காட்டி, அங்கே கட்டிய வரிக்குக் கழிவு கோர வேண்டியிருக்கும். பணம் பெரிதாகப் போகாவிட்டாலும் அலைச்சல் நிச்சயம்.

வான்கூவர் பக்கம் போகிறவர்கள் மாதத்தோடு தேதியையும் பார்க்க வேண்டும். அந்த ஊர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், குடியேறிய மாதத்தின் மிச்ச நாள்களும் அதன்பின் இரண்டு முழு மாதங்களும் கழிந்தால்தான் அரசு மருத்துவக் காப்பீடு தொடங்கும். ஜூலை 31-இல் இறங்கினால் அக்டோபர் 1. ஒரே ஒரு நாள் தள்ளி ஆகஸ்ட் 1-இல் இறங்கினால் நவம்பர் 1. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்த ஒரு மாதம் சாதாரணம் இல்லை. ஒன்டாரியோவில் இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020-இல் நீக்கப்பட்டுவிட்டது.

பிள்ளை குட்டி இல்லாத, வேலை தேடும் இளைஞருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. என்னைக் கேட்டால், அவர் பனிக்குப் பயந்து ஜனவரியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. டிசம்பரில் விடுமுறை மந்தம், டிக்கெட்டும் உச்சம். புத்தாண்டுக்குப் பிறகு நிறுவனங்கள் புது ஆண்டின் பட்ஜெட்டில் ஆள் எடுக்கத் தொடங்கும். வீடு தேடுவோர் குறைவு என்பதால் வாடகையிலும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதற்கு மட்டும் மனசைத் தயார் செய்துகொள்ள வேண்டும். கனத்த கோட்டையும் பனிக்கால பூட்ஸையும் அங்கேயே வாங்குவதுதான் சரி.

கெடு நெருங்கிவிட்டதால் ஒருமுறை போய் இறங்கிவிட்டு, ஊர் திரும்பி, வசதியான மாதத்தில் குடும்பமாகப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் முதல் முறை இறங்கும்போதே, பின்னால் கொண்டுவரப்போகும் பொருள்களின் பட்டியலையும் சுங்க அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். அட்டிகை, வளையல், ஒட்டியாணம் என ஒவ்வொரு நகைக்கும் விவரம், மதிப்பு, தெளிவான புகைப்படம். விட்டுப்போன நகையை அடுத்த முறை எடுத்துப் போனால் அதற்கு வரி கேட்க இடமுண்டு. லாக்கர் சாவி மாமியாரிடம் இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடலாம்.