இலத்திரன் நுணுக்குக்காட்டி கண்டதும் காணாததும்

பழைய மட்பாண்ட ஓடொன்று கைக்கு வருமாயின், அதிற் கீறப்பட்ட எழுத்தையே தமிழாசிரியராகிய நாம் முதலில் தேடுவோம். எழுத்தேயன்றி ஓட்டின் பூச்சும் பேசும் என்பதை 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு நமக்கு உணர்த்தியது. மதுரைக்கு அண்மையிலுள்ள கீழடியில் அகழ்ந்தெடுக்கப்பெற்று, கி. மு. 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்தனவெனக் கணிக்கப்பட்ட ஓடுகளின் கரிய உட்பூச்சிற் காபன் நுண்குழாய்கள் உளவென வேலூர்த் தொழினுட்ப நிறுவன ஆய்வாளர் முதலானோர் அறிவித்தனர்.

அக்குழாய்களுட் சில ஒரு நானோமீற்றர்த் தடிப்புமில்லாதவை. மில்லிமீற்றரொன்றைப் பத்து இலட்சம் கூறிட்டால், அவற்றுளொன்றே நானோமீற்றராகும். இத்துணை நுண்ணியவற்றை ஒளி நுணுக்குக்காட்டி காட்டாது. கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீற்றர் வரையாதலின், 200 நானோமீற்றரினும் நெருங்கிய இரு புள்ளிகள் அக்கருவியில் ஒன்றாய் மயங்கித் தோன்றும். ஓலையில் எழுத எழுத்தாணி வேண்டும், உலக்கையால் எழுதலாகுமோ?

அவ்வெழுத்தாணியாய் அமைந்ததே இலத்திரன். இயங்கும் துணிக்கைக்கும் அலையியல்பு உண்டென 1924இல் பிரான்சு நாட்டு டி புறோக்லி கூறினார். 1,00,000 உவோற்று அழுத்தத்தால் உந்தப்பட்ட இலத்திரனின் அலைநீளம் ஏறத்தாழ 0.004 நானோமீற்றரே. கண்ணாடி வில்லை இதற்கு உதவாது. கம்பிச்சுருளில் மின்னோட்டம் செல்ல உண்டாகும் காந்தப் புலமே வில்லையாய் நின்று இலத்திரன் கற்றையைக் குவிக்கும். இம்முறையில் முதற் கருவியை ரூஸ்கா, நொல் என்னும் இருவர் 1931இல் பேர்லின் நகரில் அமைத்தனர். ரூஸ்கா 1986இல் நோபெற் பரிசு பெற்றார். மெல்லிய பொருளை ஊடுருவி உள்ளமைப்பைக் காட்டுவது ஒருவகைக் கருவி. மேற்பரப்பை வரிவரியாய்த் தடவி மேடுபள்ளங் காட்டுவது மற்றொருவகை. கீழடிக் குழாய்களைக் காட்டியது முன்னையது. இன்றைய சிறந்த கருவிகள் அணுக்களையே தனித்தனியாகக் காட்டவல்லன.

எனினும், இதன் குறைகளும் சிலவல்ல. காற்று இலத்திரன்களைச் சிதறச் செய்யுமாதலின் கருவியின் உள்ளிடம் வெற்றிடமாதல் வேண்டும். ஆகவே, நீர் நிறைந்த உயிர்ப்பொருளை உயிரோடு அதிற் காண்டல் அரிது. ஊடுருவிக் காணவேண்டிய பொருள் 100 நானோமீற்றரளவினும் மெல்லிதாதல் நன்று. கற்றை பட்டுப் பொருள் சிதைதலும் உண்டு. நிறம் தோன்றாது, படங்களிற் காணும் வண்ணங்கள் பின்னர் ஊட்டப்பட்டவை. ஒருமுறை நோக்கும் இடமோ மிகச் சிறிது. அதனைக்கொண்டு பானை முழுவதையும் அளந்துவிடலாகாது.

இவற்றினும் பெரிய எல்லை ஒன்றுண்டு. குழாய் உளதென்பதைக் கருவி காட்டும். குயவன் அதனை அறிந்து செய்தானோவென்பதைக் காட்டாது. சூளைத் தீயில், பூச்சிலிருந்த தாவரப் பொருள் முதலியவற்றினின்று அது தானே தோன்றியிருத்தல் கூடும். ஆதலின், நம் முன்னோர் நானோ விஞ்ஞானம் கற்றிருந்தனரென மேடையில் முழங்குதல் தமிழுக்குப் பெருமையாகாது. ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக உதிராது நின்ற பூச்சினைச் செய்த கைத்திறனே போதிய பெருமையாம்.

நமது குடாநாட்டிலும் கந்தரோடை, ஆனைக்கோட்டை ஆகிய இடங்களிற் கறுப்புச் சிவப்பு மட்பாண்ட ஓடுகள் கிடைத்துள்ளன. அவற்றை நாளை ஆராயப் புகும் மாணவன் தமிழையும் விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்றவனாதல் வேண்டும். கண்ணாற் கண்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழி, அணுவைக் காணும் கண்ணுக்கும் பொருந்துமென்பதை அவன் மறவாதிருப்பானாக.